இருங்காட்டுக்கோட்டைக்குப் பைக்கில் கிளம்புகிறவர்களே, பின் டயரைக் குனிந்து பாருங்கள்

கும்பகோணத்தில் அண்மையில் டயர் மாற்றியவர்கள் யாராவது இதைப் படித்தால், மேற்கொண்டு படிக்கும் முன் வாசலுக்குப் போய்ப் பின் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். நீள்வட்டமாக ஒரு சிறு கட்டம், அதற்குள் நான்கு எண்கள். முதல் இரண்டு எந்த வாரம் என்று சொல்லும், அடுத்த இரண்டு எந்த வருடம் என்று சொல்லும். என் டயரில் 2217 என்று இருந்தது. 2017ஆம் ஆண்டின் 22ஆவது வாரம், ஜூன் பிறக்கிற நேரம். அந்த டயர் பிறந்தபோது என் மகள் எல்.கே.ஜி. சேர்ந்தாள். அதைப் புது டயர் என்று எனக்கு மாட்டிவிட்டபோது அவள் ஆறாம் வகுப்பில் இருந்தாள்.

நான் பாத்திரக் கடைக்காரன். பித்தளைக் குடத்தை ஒரு தட்டுத் தட்டினால் கனம் என்ன, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். ரப்பர் விஷயத்தில் சின்னப் பிள்ளை போல ஏமாந்திருக்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தய மைதானத்தில் தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயச் சுற்று ஒன்றைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கும் என் மைத்துனனுக்கும் பல வருட ஆசை. அவனுடைய அப்பா அந்தக் காலத்தில் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்தவர். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே நாங்கள் இருவரும் கெட்டுப்போனோம். கோவை செட்டிபாளையத்தில் உள்ள ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ பந்தய மைதானமும் யோசனையில் இருந்தது. ஆனால் அங்கே பாதையின் ஒரு வட்டம் 2.1 கிலோமீட்டர், இருங்காட்டுக்கோட்டையில் 3.7. நீளமான நேர்ப்பாதையில் வண்டிகள் வருகிற சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றான் மைத்துனன். ஸ்ரீபெரும்புதூரில் தங்குவதாகத் திட்டம். ராமானுஜர் பிறந்த ஊருக்குப் போகிறோம் என்று வீட்டில் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஞாயிறு காலை ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் பந்தயத்துக்கே போனோம்.

திட்டத்தில் குறை இல்லை. ஆவணி பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குக் கும்பகோணத்தை விட்டுக் கிளம்புவது. சோழபுரம், திருப்பனந்தாள், அணைக்கரை, மீன்சுருட்டி, சேத்தியாத்தோப்பு, வடலூர், பண்ருட்டி, விக்கிரவாண்டி. பிறகு திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் போய், ஒரகடம் சாலையில் திரும்பிவிட்டால் சென்னை நெரிசலுக்குள் நுழைய வேண்டியதில்லை. ஏறக்குறைய 270 கிலோமீட்டர். லாட்ஜ் அறையை மூன்று வாரம் முன்பே சொல்லிவைத்தேன். ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை ஊர். கடைசி நேரத்தில் அறை கிடைக்கும் என்று நம்பக் கூடாது. மழைக்கோட்டு, இரண்டு தண்ணீர்க் குப்பி, தொப்பி என்று எல்லாம் எழுதிவைத்து எடுத்தாயிற்று.

வண்டியை மட்டும் இன்னொருவர் கையில் நம்பிக் கொடுத்தேன்.

என்னுடையது 160 சிசி வண்டி. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு, ஊரில் பலரும் போகும் ஒரு பட்டறையில் விட்டேன். பெயர் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது பிறகு புரியும். நெடும்பயணம், இரண்டு பேர், எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள் என்றேன். முதலாளி பின் டயரை ஓர் உதை உதைத்தார். "இதை வைத்துக்கொண்டு மெட்ராஸ் பக்கம் போகாதீர்கள். செயினும் முடிந்துவிட்டது" என்றார். எனக்கு அந்த டயரில் இன்னும் உயிர் இருப்பதாகத்தான் பட்டது. இருந்தாலும் தொழில் தெரிந்தவர் சொல்கிறார். சரி என்றேன். மாலையில் வந்த கணக்கு இது: டயர் 3,200, செயின் ஸ்பிராக்கெட் செட் (செயினும் அது சுற்றும் பல்சக்கரங்களும்) 1,850, பிரேக் பேடு 450, ஆயில் 520, கூலி 900. மொத்தம் 6,920. காலண்டர் தாள் ஒன்றைப் பாதியாகக் கிழித்து அதன் முதுகில் எழுதிக் கொடுத்தார்கள். கடைப் பெயர் இல்லை, முத்திரை இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை. பணத்தை கூகுள் பேயில் அனுப்பினேன். திரையில் வந்தது ஏதோ ஒரு பெண்ணின் பெயர். என் கடையில் ஒரு டம்ளருக்குக்கூட பில் போடுகிறவன், இதையெல்லாம் பார்த்தும் ஒன்றும் கேட்காமல் வந்தேன். பழைய டயர் எங்கே என்று கேட்டதற்கு, "பழைய சாமான்காரர் எடுத்துப் போய்விட்டார்" என்றார்கள். மத்தியானம் கழற்றிய டயரைச் சாயங்காலத்துக்குள் எடுத்துப்போக அவருக்கு அப்படி என்ன அவசரமோ!

டயர் கறுகறுவென்று பளபளத்தது. அந்தப் பளபளப்பில்தான் நான் விழுந்தேன்.

சனிக்கிழமை சொன்னபடி கிளம்பினோம். அணைக்கரைப் பாலத்தில் ஒரு நிமிடம் நிறுத்தினோம். அந்த வருடம் மேட்டூர் நிரம்பியிருந்தது. கொள்ளிடத்தில் தண்ணீர் போகிற சத்தம் இருட்டில் கேட்டது. 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது. அதன் மேல் நின்றுகொண்டு புது டயரைப் பற்றி மைத்துனனிடம் பெருமை வேறு பேசினேன்.

வடலூர் தாண்டி, நெய்வேலி தாண்டி, பண்ருட்டிக்கு முன்னால் அது நடந்தது. வேகம் எழுபதுக்கு மேல் இல்லை. அச்சாணி தளர்ந்த மாட்டு வண்டி போலப் பின்சக்கரம் இருபுறமும் அலைய ஆரம்பித்தது. மைத்துனன் தோளை இறுகப் பிடித்தான். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டு, ஓரத்து மண்ணில் இறக்கி நிறுத்தினேன். என் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன். இடதுபுறம் பள்ளம் இல்லாமல் முந்திரித் தோப்பு இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். இறங்கியபின் இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனோம். ஓலைக் கொட்டகையில் ஒரு பஞ்சர் கடை. பெரியவர் ஒருவர் அப்போதுதான் கம்பிரசரை ஓட்டிவிட்டுப் பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஆணி எங்கே என்று டயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், எங்கும் இல்லை. காற்றை ஏற்றி, சோப்பு நீரைப் பக்கவாட்டில் தடவினார். அரிசி கொதிக்கிறாற்போல ஒரு விரல் நீளத்துக்குச் சிறு சிறு குமிழ்கள் கிளம்பின. ஈரத் துணியை எடுத்து அழுத்தித் துடைத்தார். துணி கறுத்தது, டயர் சாம்பல் நிறத்துக்கு வந்தது. கோடை வயல் வெடித்தது போல மெல்லிய கீறல்கள் தெரிந்தன.

"அண்ணே, இது பாலிஷ் போட்ட டயர். எண்ணைப் பார்த்தீர்களா?" என்று நகத்தால் அந்தக் கட்டத்தைச் சுரண்டிக் காட்டினார். அங்கேதான் 2217ஐ முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்தக் கொட்டகையில் அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டதை அப்படியே சொல்கிறேன். புது டயரின் மேல் ஊசி போல ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சம் ஓடினாலும் நடுவில் இருப்பவை தேய்ந்துவிடும், ஓரத்தில் இருப்பவை பல நாள் நிற்கும். என்னுடையதில் ஓரத்திலும் ஒன்றுகூட இல்லை. முன்பு யாரோ ஓட்டிய டயர் என்பதற்கு அதுவே சாட்சி. ஓடாமல் கடையில் தொங்கினாலும் வெயிலில் ரப்பர் கெட்டிப்பட்டு வெடிக்கும், ஆகவே டயரின் மேல் வெட்டியிருக்கும் காடி ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. பக்கவாட்டில் சுழலும் திசையைக் காட்ட ஓர் அம்புக்குறி இருக்கும். எனக்கு அதையும் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். செயினை இழுத்துக் கட்டும் இடத்தில் இரு பக்கமும் கோடுகள் இருக்கின்றன அல்லவா, இடப்பக்கம் மூன்றாம் கோட்டிலும் வலப்பக்கம் நான்காம் கோட்டிலும் நின்றது. சக்கரம் கோணல்.

செயின் புதிதுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செட்டுக்குப் பணம் வாங்கியிருந்தார்கள். பெரியவர் முன் ஸ்பிராக்கெட் மூடியின் திருகுகளைக் கழற்றிக் காட்டினார். பற்கள் தேய்ந்து, ஒரே பக்கமாக வளைந்து, கருக்கரிவாள் போல இருந்தன. மூடிக்குள் இருப்பதை எவன் பார்க்கப் போகிறான் என்ற தைரியம். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் செயினும் சீக்கிரம் போய்விடும் என்பது பட்டறைக்காரருக்குத் தெரியாததா?

பெரியவர் எங்களிடம் வாங்கியது நாற்பது ரூபாய். பக்கவாட்டுக் கீறலுக்கு ஒட்டுப் போடக் கூடாது, போட்டால் பாவம் என்று சொல்லிவிட்டார். கழற்றும் முன் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். இரண்டு இடத்தில் காற்றடித்து, மைத்துனனைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பண்ருட்டி வரை நான் மட்டும் மாடு ஓட்டுகிற வேகத்தில் ஓட்டிப் போனேன். கடை திறக்கும் வரை காத்திருந்து, எண்ணைப் பார்த்து, முடியைத் தடவிப் பார்த்து, 3,350 கொடுத்து டயர் வாங்கினேன். பில்லுடன். கெட்ட டயரை விடுவதற்கு மனம் வரவில்லை. கும்பகோணம் போகும் அரசு பஸ்ஸின் நடத்துநரிடம் கெஞ்சி, சுமைக் கட்டணம் கட்டி ஏற்றிவிட்டேன். கும்பகோணம் பஸ் நிலையத்தில் என் கடைப் பையன் இறக்கிக்கொண்டான். மோசடி டயர் சொகுசாகப் பஸ்ஸில் ஊர் திரும்பியது.

சனிக்கிழமைப் பந்தயங்கள் போயின. ஞாயிறு பார்த்தோம், நன்றாக இருந்தது, சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் என் மனம் வேறொன்றில் நின்றது. வேலிக்கு இப்பால் நின்று பார்த்தபோது ஒரு பந்தய வண்டியின் ஆயில் போல்ட்டில் மெல்லிய கம்பி முறுக்கிக் கட்டியிருந்தது. அது கழன்று பாதையில் எண்ணெய் சிந்திவிடக் கூடாது என்பதற்காக அப்படிக் கட்டியே தீர வேண்டுமாம். கட்டாத வண்டியை அதிகாரிகள் ஓட விடமாட்டார்கள். 3.7 கிலோமீட்டர் வட்டத்துக்கு அத்தனை சோதனை. லாரியும் பஸ்ஸும் போகிற சாலையில் 270 கிலோமீட்டர் ஓட்ட, காலண்டர் தாள் ஒன்றை வைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறேன்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. அது சிரித்துவிட்டுப் போகிற ரகம். வாட்ஸ்அப்பில் ஒருவன் "விஐபி பாஸ்" என்று தலைக்கு 750 வாங்கிக்கொண்டு, கோடும் கட்டமுமாக ஒரு படம் அனுப்பியிருந்தான். வாசலில் நின்ற காவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு டிக்கெட்டே கிடையாது சார், சும்மா உள்ளே போங்கள்" என்றார். டிக்கெட் உண்டா, எவ்வளவு என்பதைப் பந்தயம் நடத்துகிறவர்களின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆயிரத்து ஐநூறுக்கு நான் அழவில்லை. உள்ளே நிழல் குறைவு என்பதற்குத்தான் வருந்தினேன்.

ஊர் திரும்பியதும் டயரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முதலாளி முதலில் அது தன் கடை டயரே இல்லை என்றார். படங்களைக் காட்டியதும், கம்பெனி அனுப்பியதைத்தான் மாட்டினோம் என்றார். கம்பெனி ரப்பர் முடியைச் சிரைத்து அனுப்புமா என்று கேட்டேன். செட் என்று எழுதியது பட்டறைப் பையனின் கைத்தவறாம். பையனுக்குப் பதினாறு வயதிருக்கும், தலையைக் குனிந்துகொண்டு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். புகார் எண் குறுஞ்செய்தியில் வந்தது. நான்கு நாள் கழித்துப் பட்டறையிலிருந்து அழைப்பு: "இரண்டாயிரம் தருகிறோம், முடித்துக்கொள்ளலாம்." நான் கேட்பது டயருக்கு 3,200ம், செட்டுக்கு வாங்கியதில் செயின் விலை போக மீதியும். வாங்க மறுத்துவிட்டேன். கிடைத்ததை வாங்கியிருக்கலாம் என்பது மனைவியின் கட்சி. தஞ்சாவூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். என் பலவீனம் அந்தக் காலண்டர் தாள்தான். என்னுடைய பில் எங்கே என்று அவர்கள் கேட்டால் என்னிடம் இருப்பது ஒரு பெண்ணின் பெயருக்குப் போன கூகுள் பே மட்டும். வழக்கு இந்த நிலையில் இருப்பதால்தான் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை, கேட்டு எழுதாதீர்கள். உங்கள் வண்டிக்கு டயர் மாற்றினால் கடைப் பெயர் அச்சடித்த பில்லை வாங்குங்கள், அதில் அந்த நான்கு எண்களையும் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். எழுத மறுக்கிற கடையில் வண்டியை விடாதீர்கள்.

டயர் இப்போது என் கடையில், தவலைகளுக்கும் அண்டாக்களுக்கும் நடுவில் சாய்ந்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அது என்ன விலை என்று கேட்கிறார்கள். போன வாரம் பாபநாசத்திலிருந்து சீர்ப் பாத்திரம் வாங்க வந்த ஒருவரிடம் கதையைச் சொன்னேன். பாதியிலேயே எழுந்து வெளியே போனவர், தன் வண்டியருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வேட்டி நுனியை எச்சிலில் நனைத்துத் தேய்த்தார். திரும்பி வரும்போது வேட்டி நுனி கறுத்திருந்தது.

"3518 என்று இருக்கிறது தம்பி. போன மாதம்தான் மாற்றினேன்" என்றார்.

எந்தக் கடை என்று நான் கேட்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.