சாரா மெக்லாக்லனின் இரண்டு உதிரித் தொகுப்புகள்: எதை முதலில் கேட்கலாம்?

கனடாப் பாடகி சாரா மெக்லாக்லன், ஆல்பங்களில் சேராத பாடல்களை இரண்டு முறை தொகுத்திருக்கிறார். இரண்டுக்கும் ஒரே பெயர்: 'ரேரிட்டீஸ், பி-சைட்ஸ் அண்ட் அதர் ஸ்டஃப்'. முதலாவது 1996, 'வால்யூம் 2' என்ற ஒட்டோடு அடுத்தது 2008. என் ஓட்டு முதலாவதுக்கே.

1996இல் அவருக்கு 'டச்', 'சொலேஸ்', 'ஃபம்ப்ளிங் டுவர்ட்ஸ் எக்ஸ்டசி' என மூன்றே ஸ்டூடியோ ஆல்பங்கள். இன்னும் தன் பாணியைத் தேடிக்கொண்டிருந்த காலம் என்பது பாட்டுக்குப் பாட்டு தெரிகிறது. கடவுளுக்கே கடிதம் எழுதி 'உன்னை நம்பவில்லை' என்று சொல்லும் எக்ஸ்டிசி (XTC) என்ற ஆங்கில ராக் குழுவின் 'டியர் காட்'டை இவர் குரலில் கேட்பது ஒரு பக்கம், ஜோனி மிட்செலின் 'ப்ளூ' இன்னொரு பக்கம். 'ஃபுல் ஆஃப் கிரேஸ்' 1997இன் 'சர்ஃபேசிங்' ஆல்பத்துக்கு முன்பே இதில் வந்துவிட்டது. கிராமி வாங்கித் தந்த 'ஐ வில் ரிமெம்பர் யூ' 1999இன் மேடைப் பதிவு. அதற்கு முந்தைய ஸ்டூடியோ வடிவம் இங்கே இருக்கிறது.

ஆனால் இந்தத் தொகுப்பின் உயிர் 'பொசெஷன்' ரீமிக்ஸ்தான். வெறிபிடித்த ரசிகர்களின் கடிதங்களிலிருந்து பிறந்த பாட்டு அது. துரத்துகிறவனின் மனக்குரலிலேயே பாடியிருப்பார். அதற்குப் போய் நடனத் தாளமா என்று தோன்றும். ரேபிட் இன் தி மூன் குழுவினர் குரலைத் துண்டாக்கித் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும்போதோ, அந்த விடாப்பிடி மூலப் பாட்டைவிடக் கூடுதலாகவே உறைக்கிறது. 'வாக்ஸ்', 'இன்டூ தி ஃபயர்' ரீமிக்ஸ்களைத் தாண்டிப் போகலாம். அந்தக் கால டிரம் மெஷின் சத்தம் காதில் பழசாகிவிட்டது.

2008க்குள் நிலைமை வேறு. ரீமிக்ஸ்களுக்கென்றே 2003இல் 'ரீமிக்ஸ்டு', 2005இல் 'ப்ளூம்' எனத் தனி ஆல்பங்கள் வந்துவிட்டன. எனவே இரண்டாம் தொகுப்பில் தூக்கலாகத் தெரிவது சினிமாப் பாடல்களும் பிறரோடு சேர்ந்து பாடியவையும். 'சார்லட்ஸ் வெப்' படத்தின் 'ஆர்டினரி மிரக்கிள்', சிண்டி லாப்பரோடு 'டைம் ஆஃப்டர் டைம்' என்று எல்லாம் சுத்தமான பாட்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை. வரிசையாகக் கேட்டால் மட்டும், ஒரே முகூர்த்த நாளில் நாலு கல்யாணத்துக்குப் போய் வந்த களைப்பு.

விதிவிலக்கு, ராண்டி நியூமன் எழுதிய 'வென் ஷி லவ்டு மீ'. 'டாய் ஸ்டோரி 2'இல் கைவிடப்பட்ட பொம்மை ஜெஸ்ஸியின் பாட்டு. அதற்காக முழுத் தொகுப்பையும் வாங்க வேண்டியதில்லை. படத்தின் பாடல் ஆல்பத்திலேயே கிடைக்கிறது.