வெளியே போகும் டிராஃபிக்: வெயிட், லோக்கல் பிரிஃபரன்ஸ், பிரிபெண்ட், எம்ஈடி – எதை எப்போது?

இரண்டு ஐஎஸ்பி (இணையச் சேவை நிறுவனம்), அவற்றோடு பிஜிபி (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று ரூட்டுகளை, அதாவது பாதைகளை, அறிவிக்கும் நெறிமுறை) பேசும் நம் இரண்டு எட்ஜ் ரூட்டர் (நெட்வொர்க்கின் எல்லையில் நிற்பவை). டிராஃபிக் முதல் ஐஎஸ்பி வழியாகப் போகவேண்டும். அது விழுந்தால் மட்டும் இரண்டாவது. ஒரு ரூட்டைத் தேர்ந்தெடுக்க பிஜிபி பார்க்கும் மதிப்புகளில், இதற்கு லோக்கல் பிரிஃபரன்ஸ்தான் சரியான கருவி. மற்றவற்றுக்கும் இடம் உண்டு, ஆனால் சிறிய இடம்.

வெயிட், சிஸ்கோவிலும் அதன் பாணியைப் பின்பற்றும் சில மென்பொருள்களிலும் மட்டுமே கிடைக்கும். மதிப்பு 0 முதல் 65535 வரை. அண்டை ரூட்டரிடமிருந்து வந்த ரூட்டுக்கு இயல்பாக 0, ரூட்டரே உருவாக்கியதற்கு 32768. தேர்வு வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும். ஆனால் எந்த அப்டேட்டிலும் (ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ரூட் அறிவிப்பு) ஏறாது, பக்கத்து ரூட்டருக்குத் தெரியவே தெரியாது. இரண்டு ஐஎஸ்பியும் ஒரே ரூட்டரில் இறங்கினால் தாராளமாக வைக்கலாம். இரண்டு ரூட்டர் இருந்து, ஒவ்வொன்றும் மற்றதன் ஐபிஜிபி (ஒரே நெட்வொர்க்கின் ரூட்டர்களுக்கு இடையிலான பிஜிபி) ரூட்டுக்கு அதிக வெயிட் கொடுத்தால், எந்த செஷன் (பிஜிபி இணைப்பு) முதலில் எழுந்தது என்பதைப் பொறுத்து முடிவு மாறும். அப்படியொரு நெட்வொர்க்கில் பழுது தேடுவது பெரும்பாடு.

லோக்கல் பிரிஃபரன்ஸ் ஐபிஜிபி வழியாக ஏஎஸ் (ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள நெட்வொர்க்) முழுக்கப் பரவும், வெளியே போகாது. பெரும்பாலான ரூட்டர்களில் இயல்பு மதிப்பு 100, பெரியதே வெல்லும். முதல் ஐஎஸ்பியின் உள்வரும் ரூட்-மேப்பில் (ரூட்டுகளை வடிகட்டவும் மாற்றவும் எழுதும் விதிப்பட்டியல்) 200 வைத்து, செஷனை அறுக்காமல் சாஃப்ட் ரிஃப்ரெஷ் (ரூட்டுகளைப் புதிய விதிப்படி மறுபடி பார்ப்பது) செய்தால் போதும். தவறுவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்:

- குறிப்பிட்ட பிரிஃபிக்ஸ்களை (முகவரித் தொகுதிகளை) மட்டும் மேட்ச் செய்த ரூட்-மேப்பின் கடைசியில் நிபந்தனை இல்லாத வெறும் பெர்மிட் இல்லாவிட்டால், மற்ற ரூட்டுகள் அத்தனையும் சத்தமில்லாமல் விழும்.
- ஐபிஜிபியில் நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃப் (ரூட்டின் அடுத்த நிறுத்தமாக எட்ஜ் ரூட்டர் தன்னையே காட்டுவது) இல்லாமல், ஐஎஸ்பி லிங்க்கின் முகவரி ஐஜிபியிலும் (நெட்வொர்க்குக்குள் ஓடும் ரூட்டிங் நெறிமுறை) இல்லாவிட்டால், 200 என்ன, 2000 வைத்தாலும் அந்த ரூட் போட்டிக்கே வராது.
- நீண்ட, அதாவது இன்னும் குறுகிய முகவரித் தொகுதியைக் குறிக்கும் பிரிஃபிக்ஸ், எந்த அட்ரிபியூட்டையும் (லோக்கல் பிரிஃபரன்ஸ் போன்ற மதிப்பை) மிஞ்சும். முதல் ஐஎஸ்பி டிஃபால்ட் ரூட் (எல்லா முகவரிக்கும் பொதுவான ஒரே ரூட்) மட்டும் தந்து, இரண்டாவது முழு டேபிள் (இணையத்தின் எல்லா ரூட்டுகளும்) தந்தால், டிராஃபிக் இரண்டாவதில்தான் ஓடும். இருவரிடமும் ஒரே வகை ரூட்டுகளைக் கேட்டு வாங்குங்கள்.

இதன் குறை, கண்ணை மூடிக்கொண்டு வெல்வது. இரண்டாவது ஐஎஸ்பியின் சொந்த வாடிக்கையாளருக்குப் போகும் பாக்கெட்டும் முதல் ஐஎஸ்பி வழியாகச் சுற்றும். அந்த ஐஎஸ்பி தன் வாடிக்கையாளர் ரூட்டுகளில் கம்யூனிட்டி (ரூட்டோடு ஒட்டி அனுப்பும் அடையாள எண்) குறியிட்டால் அதை மேட்ச் செய்து 300 கொடுங்கள். இல்லையென்றால் ஏஎஸ் பாத் (ரூட் கடந்துவந்த ஏஎஸ்களின் பட்டியல்) ஃபில்டர்.

உள்வரும் ரூட்டில் நாமே ஏஎஸ் பாத்தை நீட்டி, அதைத் தொலைவானதாகக் காட்டுவது (பிரிபெண்ட்) மூன்றாவது வழி. லோக்கல் பிரிஃபரன்ஸ் சமமாக இருந்தால் மட்டுமே பலிக்கும். 'கொஞ்சம் சாய்ந்தால் போதும்' என்னும் இடத்தில் இது நயமானது: இரண்டாவது ஐஎஸ்பிக்கு வெகு அருகில் உள்ள இலக்குகள் அதன் வழியாகவே போகும். ஆனால் நீட்டிய பாத் நம் வாடிக்கையாளர்களுக்கும் அப்படியே போய்ச்சேரும்; டிரான்சிட் தருபவர்கள் (மற்ற நெட்வொர்க்குகளின் டிராஃபிக்கைச் சுமப்பவர்கள்) இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

எம்ஈடி (தன் லிங்க்குகளில் எதை விரும்புகிறது என்று அண்டை ஏஎஸ் சொல்லும் எண்), ஒரே அண்டை ஏஎஸ்ஸிலிருந்து வந்த ரூட்டுகளுக்கு இடையில்தான் இயல்பாக ஒப்பிடப்படும், சிறியது வெல்லும். ஒரே ஐஎஸ்பிக்கு இரண்டு லிங்க் இருந்தால் பயன்படும். இரு வேறு ஐஎஸ்பிக்கு இடையில் தேர்வுசெய்ய, எப்போதும் ஒப்பிடும் அமைப்பை எல்லா ரூட்டரிலும் ஒரேபோல இயக்கவேண்டியிருக்கும். லோக்கல் பிரிஃபரன்ஸில் ஒரே வரியில் முடிவதற்கு அந்தச் சுமை தேவையில்லை.