கார் கிளம்பவில்லையா: காதா, மீட்டரா, ஸ்கேனரா?

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இப்போதெல்லாம் முதலில் கேட்கும் வார்த்தை ‘ஸ்கேனர் போட்டுப் பார்த்துடலாம்’ என்பதுதான். காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் நல்ல கருவி, மறுக்கவில்லை. ஆனால் நம் டெல்டா பக்கம் கார்கள் நிற்கிற விதத்துக்கு அதை முதலில் எடுப்பது வீண்செலவு என்பேன். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பார்கள். கார் வீட்டு வாசலில் வாரக்கணக்கில் சும்மா நிற்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு. இப்படி நிற்கிற காரில் கோளாறு பெரும்பாலும் பேட்டரியிலோ, அதில் கேபிள் மாட்டும் டெர்மினலிலோ, பேட்டரியின் நெகட்டிவை வண்டியின் உடம்போடு சேர்க்கும் எர்த்திலோதான் இருக்கும்.

காதுக்குச் செலவே இல்லை, அதனால் அதிலிருந்து தொடங்கலாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். ‘டகடகடக’ என்று விடாமல் தட்டி, லைட்டும் மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது, இல்லையென்றால் டெர்மினல் பிடிக்கவில்லை. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரையோ அதற்குப் போகும் கேபிளையோ சந்தேகப்படலாம். சத்தமே இல்லாமல் லைட் மட்டும் பளிச்சென்று எரிந்தால் செல்ஃபுக்குக் கட்டளையே போகவில்லை. ரிலே (மின்சாரத்தில் இயங்கும் சிறு சுவிட்ச்), கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியர் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு வகை நோய். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்ததும் பின் சீட்டுப் பக்கமிருந்து ஓரிரு விநாடி மெல்லிய இரைச்சல் வரும், அதுதான் பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளும் பம்ப். வழக்கமாகக் கேட்கிற அந்தச் சத்தம் இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் தேட வேண்டும்.

காதின் குறை, அது ‘எங்கேயோ’ என்று சொல்லும், ‘இங்கே’ என்று சொல்லாது. அந்த வேலைக்கு மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்கு எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 பக்கம் என்றால் ஏறக்குறைய பாதி. ஓடி நின்ற உடனே அளந்தால் கூடுதலாகக் காட்டும், அதை நம்பக்கூடாது. அப்புறம் ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு அதே பேட்டரி முனைகளில் பாருங்கள்: செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரிக்குத் தெம்பு இல்லை. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை, புது பேட்டரி போட்டாலும் அதே கதைதான்.

மீட்டரின் உண்மையான அருமை வோல்ட் எங்கே தொலைகிறது என்று காட்டுவதில் இருக்கிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் பழக்கமான பெரியவர் ஒருவர், “செல்ஃப் போயிடுச்சாம் தம்பி, புதுசு மாத்தணுங்கிறாங்க” என்றார். பேட்டரி நன்றாக இருந்தது. சாவி திருப்பினால் ஒரு ‘டக்’, அவ்வளவுதான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலும், மறுமுனையை இன்ஜின் உடம்பில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்தேன். “திருப்புங்க மாமா” என்றதும் 2 வோல்ட்டுக்கு மேல் ஏறியது. அங்கே அரை வோல்ட்கூடத் தாண்டக் கூடாது. எர்த் பட்டை பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றினோம். அடியில் உப்புத் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதும் செல்ஃப் ஒரே சுற்றில் எடுத்தது. இந்தக் கோளாறுக்கு ஸ்கேனரில் கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) எதுவும் வராது, அந்த போல்ட்டில் சென்சார் கிடையாது.

சரி, ஸ்கேனர் எப்போது ஜெயிக்கும்? செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை என்கிற இடத்தில். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 4 (புகை அளவு விதி) கார்களிலும், 2020-இலிருந்து வந்த பிஎஸ் 6 கார்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட் இருக்கும். செல்ஃப் சுற்றும்போதே ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) பாருங்கள். பூஜ்யமாகவே நின்றால் இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரையோ அதன் ஒயரையோ சந்தேகிக்கலாம். பி0335 என்ற கோடும் வந்தால் சந்தேகம் வலுக்கும். மீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க நெடுநேரம் ஆகும். ஆனால் பேட்டரி இறங்கிய வண்டியில் ஸ்கேனர் போட்டால் சம்பந்தமில்லாத கோடுகள் வரிசையாக வரும். அதை நம்பி சென்சார் மாற்றியவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

எலி விஷயத்தில் இரண்டும் வேண்டும். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் எலி வீட்டுப் பக்கம் வரும், பானட்டுக்குள் புகுந்து ஒயரைக் கடிக்கும். எந்த சர்க்யூட் என்று ஸ்கேனர் சொல்லும். ஒயர் எந்த இடத்தில் அறுந்தது என்று சொல்லாது. அதற்கு மீட்டரில் கன்டினியூட்டி (ஒயர் அறாமல் தொடர்கிறதா என்று காட்டும் நிலை) வைத்து முனைக்கு முனை பார்க்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று இழுக்கும் குழாய் வரை தண்ணீர் ஏறியிருந்தால் இந்த மூன்றுமே வேண்டாம். சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

வாங்குவதானால் முதலில் மீட்டர், கை பழகிய பிறகு ஸ்கேனர். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் மட்டும் செருகிவிட்டு பேட்டரியைத் தொடாதீர்கள். நேரடி ஷார்ட் ஆகி மீட்டர் போய்விடும், கையும் சுடும்.