பூட்டிய வீட்டுக்கு எந்த நாய்? அல்சேஷனா, ராஜபாளையமா, தெரு நாயா?

முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, அடுப்படி, கொல்லை. இப்படி ஒரு வீட்டை வயதான பெற்றோரிடமோ, பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் ஆளிடமோ விட்டுவிட்டு வெளியூரில் இருக்கிறவர்கள் செட்டிநாடு முழுக்க உண்டு. தேக்குக் கதவும் தூணும் விலை போகிற காலம். அதனால் ஊருக்கு வந்தவுடன் அவர்கள் கேட்பது, "நல்ல நாயா ஒண்ணு சொல்லேன்."

பள்ளத்தூரில் எங்கள் வீட்டில் மூன்று வகை நாயும் இருந்திருக்கின்றன. மூன்றிலும் தப்பு செய்திருக்கிறோம். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அல்சேஷன். ஜெர்மன் ஷெப்பர்டை நம் பக்கம் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம். புத்திசாலி, சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும், உருவத்தைப் பார்த்தாலே யாரும் கேட்டைத் தொட யோசிப்பார்கள். காவலுக்கு இதைவிட என்ன வேண்டும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஆனால் அதற்கு இரண்டு அடுக்கு ரோமம். நம் ஊர்ச் சித்திரை வெயில் அதற்குத் தண்டனை. அப்புறம் இடுப்பு மூட்டு. இந்த இனத்துக்கு அது பிறவிப் பலவீனம். எங்கள் முகப்பிலும் வளவிலும் ஆத்தங்குடிக் கல். துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி ஆன தரை. அதில் நாலு மாதக் குட்டி ஓடி வரும்போது பின்னங்கால் இரண்டும் இரண்டு பக்கம் வழுக்கிப் பிரியும். நாங்கள் சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்தோம். மூன்றாவது வயதில் அது படியேற யோசிக்க ஆரம்பித்தபோது, வழுக்கும் தரையில் வளர்க்கக் கூடாத நாய் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். சாக்கு விரித்தாவது வளர்த்திருக்கலாம்.

பெரிய தப்பு அதுவல்ல, சங்கிலி. அப்பச்சிக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) முழங்கால் வலி, அதை இழுத்துக்கொண்டு நடக்க முடியாது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு வேறு இரண்டு வீட்டு வேலை. அதனால் கொல்லையில் வேப்பமரத்தில் ஆறடிச் சங்கிலியில் கட்டினோம். "ராத்திரி அவுத்து விடலாம்" என்று பேச்சு. ராத்திரி யார் அவிழ்ப்பது? ஒரு வருடத்தில் மரத்தைச் சுற்றிப் புல் செத்து, காம்பஸ் வைத்து வரைந்ததுபோல ஒரு வட்டம் விழுந்தது. வட்டத்துக்குள் மண் சிமெண்டாக இறுகியிருந்தது. வட்டத்தின் விளிம்பில் எது அசைந்தாலும் குரைக்கும்: காக்கா, வாழை இலை, பின்தெருவில் போகிற சைக்கிள். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருநாள் வந்து, "நாய் குலைக்கிறதுக்கு நான் ஒண்ணும் சொல்லலப்பா. அது விடாம ஒரே மாதிரிக் குலைக்குது, அதான் தாங்க முடியல" என்றார்கள். காவலுக்குக் குரைக்கிற நாய் ஆள் போனதும் நிறுத்தும். இது நிறுத்தவில்லை. வேறு வேலை இல்லாத நாயின் குரைப்பு அது, எங்களுக்குத்தான் புரியவில்லை.

ஒரு காலையில் கழுத்துப்பட்டையின் கொக்கி விட்டுப்போய், பால் ஊற்ற வந்த அக்காவின் முன்கையைக் கவ்விவிட்டது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அது மட்டும் எங்களுக்குத் தெரிந்திருந்தது, செய்தோம். மஞ்சள் தூளோடு ஓடி வந்தவர்களைத் தடுத்தோம். அன்றைக்கே முதல் ஊசி, பிறகு 3, 7, 28ஆம் நாட்களில். அரசு மருத்துவமனையில் காசில்லாமல் போட்டார்கள். காயம் ஆழம் என்பதால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் செலுத்தினார்கள். நாயின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்தால், வருடாந்திர ஊசி போட்டிருக்க வேண்டிய தேதி தாண்டி இரண்டு மாதம். பத்து நாள் நாயையும் அந்த அக்காவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த அக்கா பாலை முன்வாசலில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

சட்டத்தையும் அப்போதுதான் படித்தேன். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் இருப்பதே குற்றம் என்று எழுதியிருக்கிறது. கடித்தால் நம் கவனக்குறைவுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு இருக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அக்கா புகார் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எங்கள் பக்கம் பேச ஒன்றும் இல்லை.

அடுத்து ராஜபாளையம். "நம்ம நாட்டு நாய் வாங்கு, வெயிலும் தாங்கும்" என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் உண்மை உண்டு. குட்டை ரோமம், மெலிந்த வயிறு, நீண்ட கால். 2005இல் தபால் தலையில் ஏறிய நாய். 2020இல் பிரதமர் வானொலிப் பேச்சில் நாட்டு இனங்களைச் சொன்னபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாய்களும் இருந்தன. அதற்குப் பிறகு வெள்ளையாக எது பிறந்தாலும் ராஜபாளையம் என்று விற்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

வெயிலைப் பொறுத்தவரை அல்சேஷனை இது சுலபமாக ஜெயிக்கிறது. வேறு இரண்டு இடத்தில் தோற்கிறது. ஒன்று, காது. தூய வெள்ளை நிறத்தோடு செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருகிற இனம் இது. குட்டி தூங்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். தரை அதிராமல் தட்டுங்கள், அதிர்வில் விழித்துக்கொண்டு ஏமாற்றிவிடும். காது கேட்காத நாயைத் தெரியாமல் தொட்டால் திடுக்கிட்டுக் கவ்வும். இரண்டாவது, இது வேட்டைக்கு வளர்த்த நாய், ஓட்டம் வேண்டும். காலையும் மாலையும் ஓடவிடாவிட்டால் அந்த ஓட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும். எங்களுடையது தேடிக்கொண்டது பின்தெருக்காரர் வீட்டுச் சேவல்களை. ஐந்துக்குப் பணம் கொடுத்தோம்.

அதைவிட முக்கியமான ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இது ஒரே ஆளோடு ஒட்டிக்கொள்கிற நாய். எங்கள் வீட்டில் அந்த ஒரே ஆள் சோறு வைக்கும் அண்ணன். வருடத்தில் பதினொரு மாதம் நாயும் அவரும்தான். அப்புறம் படைப்பு என்று, முன்னோருக்குப் படைத்துக் கும்பிட, பங்காளிகள் எல்லோரும் வந்து இறங்குவோம். வளவு நிறையப் பிள்ளைகள், பந்தி, பாத்திரச் சத்தம், சாயங்காலம் வெடி. அண்ணன் சமையல்காரருக்கு எடுபிடியாகப் போய்விட, நாயை விறகு அறையில் அடைத்தோம். ஒரு பிள்ளை கதவிடுக்கில் கையை விட்டது. நல்லவேளையாக முழங்கைக்குத் தப்பிச் சட்டைக்கையோடு போயிற்று. அன்று ராத்திரி அண்ணன் சொன்னார்: "நீங்க வாங்கிக் குடுத்துட்டுப் போயிடுவீக தம்பி. அது வருசம் முச்சூடும் என் ஒரு மூஞ்சியத்தான பாத்துக்கிட்டு இருக்கு. உங்களையெல்லாம் அதுக்கு எப்படித் தெரியும்?"

குட்டி மூன்று வாரத்திலிருந்து சுமார் பதினான்கு வாரம் வரைக்கும் பார்த்துப் பழகுகிற மனிதர்களும் சத்தங்களும்தான் அதற்குப் பிற்காலத்தில் சாதாரணம். அந்த நாட்களில் கண்ட ஒரே மனிதர் அண்ணன் என்றால், மற்ற எல்லோரும் திருடர்கள்தான். இது அல்சேஷனுக்கும் பொருந்தும். ஆனால் அல்சேஷனைப் பெரிதான பிறகும் ஓரளவு பழக்கலாம், ராஜபாளையத்தில் அது கடினம் என்பது என் அனுபவம்.

கோம்பை காவலுக்குப் பேர்போனது, உருவமும் கொஞ்சம் அடக்கம். நான் வளர்த்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டும் ஓட்டக்காரர்கள். வீட்டுக்குள் அடைப்பது பாவம்.

கடைசியாகத் தெரு நாய். "காசு குடுத்து வாங்காத நாய்க்கு என்ன மரியாதை" என்று அப்பச்சியே கேட்டார்கள். வைரவன் கோயிலில் வைரவரோடு நிற்கும் நாய்க்கு என்ன காசு கொடுத்தார்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. சரி, விளையாட்டு போகட்டும். வளர்ந்த தெரு நாயின் பெரிய சௌகரியம், வாங்கும் முன்பே குணம் தெரியும். குட்டியில் எல்லாமே சாது. ஒன்றரை வயது நாயைப் பத்து நாள் தெருவில் கவனித்தால் போதும்: பிள்ளைகள் ஓடினால் என்ன செய்கிறது, சோற்றுத் தட்டருகே யாராவது போனால் உறுமுகிறதா, பைக்கைப் பார்த்தால் எழுகிறதா, படுத்தே கிடக்கிறதா. தெரு ஆட்கள் அத்தனை பேரையும் அதற்கு ஏற்கெனவே தெரியும். தெரியாத ஆள் ராத்திரி நுழைந்தால் அது ஒரு குரல் கொடுக்க, அடுத்த தெரு நாய்கள் வாங்கிக்கொள்ளும். வெயில் பிரச்சினை இல்லை, ஆத்தங்குடிக் கல்லில் வழுக்காமல் நடக்கக் கற்றுக்கொள்கிறது.

குறை நாயிடம் இல்லாவிட்டாலும் நம்மிடம் இருக்கிறது. தெரு நாயைப் பாதிதான் வளர்ப்போம். மீந்த சோற்றை வாசலில் கொட்டுவோம், அது நம் வாசலைத் தன் எல்லையாக்கிக்கொண்டு பைக்கை விரட்டும், யாரையாவது கடித்தால் "எங்க நாய் இல்லீங்க" என்போம். நாங்களும் முதல் மூன்று மாதம் அப்படித்தான். பொழுது சாய்கிற நேரம் டியூஷன் விட்டு வரும் பிள்ளைகளின் சைக்கிளை விரட்டியது. சோறு வைக்கும் இடத்தை வாசலிலிருந்து கொல்லைக்கு மாற்றி, ஐந்தரைக்கு உள்ளே கூப்பிட்டு எட்டு மணி வரை பின்கதவைச் சாத்தினோம். இரண்டு வாரத்தில் விரட்டுவது நின்றது.

2023ஆம் ஆண்டின் கருத்தடை விதிகள்படி தெரு நாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, காதோரம் வெட்டி அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு விதிவிலக்கைச் சேர்த்தது: வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் திரும்ப விடக்கூடாது. சோறு வைப்பதும் அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் என்றது. ஆகவே சோறு போட ஆசைப்பட்டால் உங்கள் மதிலுக்குள் போடுங்கள். போட்ட பிறகு அது உங்கள் நாய். பட்டை, ஊசி, கடித்தால் செலவு எல்லாம் உங்களுடையது.

நாயே வேண்டாம், கேமரா போதும் என்பவர்களும் உண்டு. கேமரா திருடன் போனதைக் காட்டும். வரும்போது தெருவை எழுப்பாது. தோட்டக்காரர் ஒருவர் கினிக்கோழி வளர்க்கச் சொன்னார். சத்தத்தில் அது நாயையே தோற்கடிக்கும், பக்கத்து வீட்டு ஆச்சியை நினைத்து விட்டுவிட்டேன்.

என் கணக்கில், தினம் இரண்டு வேளை நடத்திக்கொண்டு போக உடம்பில் வலுவுள்ள ஆள் வீட்டிலேயே இருந்தால் அல்சேஷன் சரி, ஆனால் வழுக்காத தரை வேண்டும். ஓடவிடத் தோட்டமும், வந்து வந்து போகாமல் அங்கேயே குடியிருக்கும் குடும்பமும் இருந்தால் ராஜபாளையம். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கும் ஆள் வைத்துப் பார்க்கும் வீட்டுக்கும் கருத்தடை செய்த, வளர்ந்த பெண் தெரு நாயைத்தான் சொல்வேன்.

போன தையில் சென்னையிலிருந்து வந்த சித்தப்பா மகன், திண்ணையில் கால் நீட்டிப் படுத்திருந்த எங்கள் நாயைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கேண்ணே, என்ன ஜாதி?" என்றான்.

"கீழத்தெரு" என்றேன்.