கழுவ எல்லோரும் தயார், காலை நீட்டத்தான் ஆளில்லை: ஒரு 3 நாள் ரிட்ரீட் பற்றி

தாழ்மை, ஊழியம் என்ற தலைப்பில் நடந்த 3 நாள் ரிட்ரீட்டுக்குப் போய் வந்து ஒரு வாரம் ஆகிறது. போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். நாற்காலி போடுவதிலிருந்து வியாதியஸ்தர்களைப் பார்க்கப் போவது வரை சபையில் பல வருடமாக ஓடியாடி வேலை செய்கிறவள் நான், அதனால் எனக்குப் புதிதாக என்ன கிடைக்கப்போகிறது என்ற நினைப்போடுதான் பதிவு செய்தேன்.

முதல் நாள் காலையில் பிரசங்கமே இல்லை. ஆளுக்கு ஒரு சீட்டு, அதில் ஒரு வேலை. எனக்கு வந்தது கழிப்பறை. யாரும் பார்க்காத நேரத்தில் செய்ய வேண்டும், செய்தது யார் என்று கடைசிவரை சொல்லக்கூடாது, அவ்வளவுதான் விதி. வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆனால் மத்தியானம் அந்தப் பக்கம் இரண்டு தடவை போய் நின்றேன், யாராவது சுத்தமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்கிறார்களா என்று. யாரும் சொல்லவில்லை, எனக்கு உண்மையிலேயே வலித்தது. வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற வசனத்தை எத்தனை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

இரண்டாம் நாள்தான் இந்த ரிட்ரீட்டின் உயிர். கடைசி இராப்போஜனத்தில் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதைச் சொல்லும் யோவான் 13-ஐ எடுத்தார்கள். அதே இரவில், அதே பந்தியில் தங்களில் யார் பெரியவன் என்று சீஷர்கள் வாக்குவாதம் செய்ததை லூக்கா 22-இலிருந்து சேர்த்து வாசித்தபோதே அறை அமைதியாகிவிட்டது. அப்புறம் பாத்திரங்களில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, கால் கழுவ விரும்புகிறவர்கள் எழுந்திருங்கள் என்றார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் எழுந்தோம். சரி, கழுவிக்கொள்ள யார் உட்காருகிறீர்கள் என்று கேட்டதும் ஒருவரும் அசையவில்லை. அப்போது நடத்தியவர், தன் கால்களைக் கழுவ வந்த இயேசுவிடம் சீஷன் பேதுரு சொன்ன வார்த்தையை மட்டும் வாசித்தார்: "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது."

நான் போய் உட்கார்ந்தேன். என் அம்மாவைவிட வயதான ஒருவர், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முழங்காலில் இறங்கினார். எனக்குக் குதிகால் முழுக்க வெடிப்பு. "வேண்டாம்மா, நானே கழுவிக்கிறேன்" என்று காலை இழுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல், குதிகாலுக்கு அடியில் கையை வைத்தபடி நான் விடும்வரை காத்திருந்தார். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, விரல் இடுக்குகளைக்கூட ஒவ்வொன்றாகத் துடைத்தார். கொடுக்கிற இடத்திலேயே இத்தனை வருடம் நின்றதால் என் வெடிப்பை யாருக்கும் காட்ட வேண்டிய தேவை எனக்கு வந்ததே இல்லை என்று அங்கேதான் தெரிந்தது, அழுகையை அடக்க முடியவில்லை. 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி தன் மடத்துக்கு எழுதிய ஒழுங்கில், சமையலறை முறையை அந்த வாரம் முடிக்கிறவரும் அடுத்துத் தொடங்குகிறவரும் சேர்ந்து எல்லோருடைய கால்களையும் கழுவ வேண்டும் என்று இருப்பதையும் அன்று சொன்னார்கள். முறை மாறிக்கொண்டே இருப்பதால், கழுவுகிறவனே தன் முறை முடிந்தபின் காலை நீட்டியாக வேண்டும். அது எனக்கு மிகவும் பிடித்தது.

குறைகளும் உண்டு. மூன்றாம் நாள் சிலரை மேடைக்கு அழைத்துக் கால் கழுவ வைத்துப் படம் எடுத்தார்கள், முதல் நாள் சீட்டு கற்றுக்கொடுத்ததை அதே கையால் அழித்த மாதிரி இருந்தது. அதைவிடப் பெரிய வருத்தம் கேள்வி நேரத்தில். வீட்டில் எல்லோரும் தன்னை வேலைக்காரியாகவே நடத்துகிறார்கள், இதுவும் தாழ்மையா என்று ஒரு சகோதரி கேட்டார். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பிலிப்பியர் 2 அப்படிச் சொல்லவில்லையே. இயேசு "தம்மைத்தாமே" வெறுமையாக்கினார், வேறு யாரும் அவரை வெறுமையாக்கவில்லை. ஒருவர் மனதாரக் குனிவதும் இன்னொருவர் கழுத்தைப் பிடித்துக் குனிய வைப்பதும் ஒன்றல்ல என்று அங்கே யாராவது சொல்லியிருக்க வேண்டும். நானாவது எழுந்து சொல்லியிருக்க வேண்டும்.

தங்கும் இடம், நேர ஒழுங்கு எல்லாம் நன்றாகவே இருந்தது.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களைவிட, சபையில் எல்லா வேலைக்கும் முதலில் கூப்பிடப்படுகிறவர்கள் கட்டாயம் போகலாம். ஏற்கெனவே மிதிபட்டுக் களைத்திருப்பவர்கள் இப்போதைக்கு வேண்டாம், அந்தச் சகோதரியின் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல நடத்துகிறவர்கள் பழகும்வரை. போவதென்றால், இரண்டாம் நாள் தண்ணீர் வந்ததும் வரிசையில் நிற்காமல் நாற்காலியில் போய் உட்காருங்கள்.