கம்ப்யூட்டர்ல எஸ்எம்பிஎஸ் போச்சுன்னு சொன்னா உடனே பணத்தை எடுக்காதீங்க

திருவல்லிக்கேணியில் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் ஒரே டெஸ்க்டாப்பில்தான். அதைச் சரிபண்ணுகிறேன் என்று வந்த ஒரு சர்வீஸ்காரர் என்னிடம் 3,850 ரூபாய் கறந்துவிட்டார். அதுகூடப் போகட்டும். ஆவணி முகூர்த்தத்துக்காக ஆடி முழுக்க உட்கார்ந்து போட்டு வைத்த டிசைன்கள் போய்விட்டன.

ஏப்ரல் கடைசியில் கரண்ட் அடிக்கடி போய்வந்ததால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் புது யுபிஎஸ் வாங்கினேன். கூடவே ஒரு யுஎஸ்பி கேபிள் கொடுத்தார்கள். "இதையும் சிபியுல சொருகிடுங்க மேடம், கரண்ட் போய் ரொம்ப நேரமானா சிஸ்டம் தானா ஷட்டவுன் ஆயிடும்" என்றார் கடைக்காரர். சொருகினேன்.

அன்றிலிருந்து கஸ்டமரிடம் பத்து நிமிஷம் பேசிவிட்டுத் திரும்பினால் திரை இருண்டிருக்கும், சிஸ்டம் தூங்கியிருக்கும். சர்வீஸ்காரரைக் கூப்பிட்டேன். மூடியைக்கூடக் கழற்றாமல் "எஸ்எம்பிஎஸ் வீக்" என்றார். சிபியுவுக்குள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டிதான் அது. புதுசு 2,350. பழசு எங்கே என்றால் ஸ்கிராப்புக்குப் போட்டாச்சாம். பில் கேட்டதற்கு, "பில்லுன்னா ஜிஎஸ்டி பதினெட்டு பர்சென்ட் சேரும் மேடம், உங்களுக்குத்தான் நஷ்டம்." நானும் தலையாட்டினேன், அது என் தப்பு.

நாலே நாளில் மறுபடி தூக்கம். இந்தத் தடவை போர்டில் தூசியாம், கிளீனிங் 600. அதற்கும் அடங்கவில்லை என்றதும் சிபியுவையே தூக்கிக்கொண்டு போனார். சாயங்காலம் போன்: "விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கு. ஃபார்மேட் போட்டுடலாமா? பேக்கப் இருக்குல்ல?"

"இருக்கு, தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குத் தானா போகும்" என்று அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னேன். எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குக் காப்பி எடுக்க டாஸ்க் ஷெட்யூலரில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் விண்டோஸ் வசதி) ஒரு பேட்ச் ஃபைல், அதாவது சின்னக் கட்டளைக் கோப்பு, போட்டு வைத்திருந்தேன், ரெண்டு வருஷமாக ஓடியது. அவர் 900 வாங்கிக்கொண்டு டிஸ்க் முழுவதையும் துடைத்துவிட்டார். ஒரு தடவை தேதியைப் பாருங்கள் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் திறந்தால் கடைசி ஃபோல்டரின் தேதி ஏப்ரல் 27. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பிடிஎஃப்கள் கொஞ்சம் கிடைத்தன. திருத்தி வேலை செய்யக்கூடிய அசல் கோரல் ஃபைல் ஒன்றுகூட இல்லை.

பேக்கப் டாஸ்க்கைப் புதிதாகப் போட்டேன். ஓடவில்லை, தூக்கமும் நிற்கவில்லை. "அப்போ மதர்போர்டுதான், 6,500 ஆகும்" என்றார் அவர்.

நல்லவேளை, அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் வந்தான். உட்கார்ந்ததும் திரையின் வலது மூலையைப் பார்த்தான். "சித்தி, டெஸ்க்டாப்புக்கு எதுக்கு பேட்டரி படம்?"

மூணு மாசமாக அந்தப் படம் என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. யுஎஸ்பி கேபிள் வழியாக வந்த யுபிஎஸ்ஸை விண்டோஸ் பேட்டரியாக எடுத்துக்கொள்கிறது. கம்ப்யூட்டரோடு இணைந்ததையெல்லாம் காட்டும் டிவைஸ் மேனேஜரில் 'பேட்டரீஸ்' என்பதன் கீழே 'ஹெச்ஐடி யுபிஎஸ் பேட்டரி' என்று உட்கார்ந்திருந்தது. அதில் தப்பில்லையாம், கரண்ட் போனதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் என் யுபிஎஸ்ஸில் மெயின்ஸ் விளக்கு பச்சையாக எரியும்போதே கம்ப்யூட்டரிடம் "நான் பேட்டரியில் ஓடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. பவர்ஷெல் என்ற விண்டோஸ் கட்டளைத் திரையில் 'பேட்டரி ஸ்டேட்டஸ்' கேட்டுக் காட்டினான்: 1 என்று வந்தது. மெயின்ஸில் ஓடினால் 2 வரவேண்டும். பேட்டரியில் இருப்பதாக நினைத்தால் விண்டோஸ் திரையையும் சீக்கிரம் அணைக்கும், சீக்கிரம் தூங்கியும் போகும்.

பேக்கப் கதையும் இதுதான். டாஸ்க் ஷெட்யூலரில் 'கடைசி ரன் ரிசல்ட்' என்ற இடத்தில் 0x800710E0 என்று நின்றது, டாஸ்க் ஓட மறுக்கப்பட்டது என்று அர்த்தமாம். டாஸ்க்கைத் திறந்து 'கண்டிஷன்ஸ்' பக்கம் போனால், 'ஏசி பவரில் (அதாவது மெயின்ஸ் கரண்டில்) இருந்தால் மட்டும் தொடங்கு' என்று ஒரு டிக். நாம் போடுவதில்லை, புது டாஸ்க் போட்டாலே அதுவாக விழுந்திருக்கும். லேப்டாப்பில் சார்ஜை மிச்சப்படுத்த வைத்தது. (முன்பே ஒருமுறை அந்த வரியை நான் பார்த்திருக்கிறேன். நம்ம கடையில் ஏசியே கிடையாதே, சீலிங் ஃபேன்தானே என்று நினைத்துக் கடந்துபோன ஆள் நான்.)

கேபிளைப் பிடுங்கினான். பேட்டரி படம் காணாமல் போனது. அந்த டிக்கையும், அதன் கீழே 'பேட்டரிக்கு மாறினால் நிறுத்து' என்று இருந்ததையும் எடுத்துவிட்டோம். அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் லைட் மினுக்கியது. செலவு: பையனுக்கு ஒரு ரோஸ் மில்க்.

சர்வீஸ்காரரிடம் போனில் இதைச் சொன்னேன். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது மேடம், எஸ்எம்பிஎஸ்ஸும் வீக்காத்தான் இருந்துச்சு" என்றார். அப்புறம் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். யுபிஐயில் அனுப்பிய மூன்று ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கின்றன. பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

புகார் போன மறுநாள் வேறு நம்பரில் இருந்து அழைப்பு. "ஏன் மேடம் பெருசாக்குறீங்க, 900-ஐ திருப்பித் தந்துடறேன்." அந்தப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸையும் எடுத்துக்கொண்டு வாங்க, என் எதிரிலேயே மாட்டிப் பார்ப்போம் என்றேன். இன்னும் வரவில்லை.