தேதியா, கணக்கா? கனடிய ஆர்க்டிக்கில் எப்போது நுழையலாம்

மண்டல-தேதி முறை: கனடா தன் ஆர்க்டிக் கடலை 16 மண்டலமாகப் பிரித்திருக்கிறது. கப்பலின் பனித் தரத்துக்கு (பனியைத் தாங்க எவ்வளவு வலுவாகக் கட்டப்பட்டது என்ற வகுப்பு) எந்தத் தேதி முதல் எதுவரை என்று அட்டவணையில் பார்த்தால் போதும்.

போலாரிஸ்: இருக்கும் பனியில் கப்பல் போகலாமா என்று கணக்கிடும் முறை. 2016-இல் ஐநாவின் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ வெளியிட்டது. ஒவ்வொரு வகைப் பனியும் பத்தில் எத்தனை பங்கு என்று எடுத்து, கப்பலின் தரத்துக்குரிய மதிப்பெண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

உழைப்பு: முதலாவதற்கு ஒரு நிமிடம். இரண்டாவதற்குப் புதிய பனி வரைபடமும், அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் தேவை.

நம்பகம்: பனி நாள்காட்டி பார்த்து உருகாது. மோசமான ஆண்டில் தேதி வந்தும் வழி அடைத்திருக்கும். நல்ல ஆண்டில் திறந்த நீரைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க நேரும்.

போலாரிஸ் கணக்கு, பிசி7 (துருவக் கப்பல் தரங்களில் கடைசி) கப்பலுக்கு: திறந்த நீர் 4 பங்கு (4 × 3 = +12), கோடைகளைத் தாண்டி உருகாமல் நின்ற பல்லாண்டுப் பனி 6 பங்கு (6 × −3 = −18). விடை −6. விடை −10 வரை இருந்தாலும் போகலாம், ஆனால் 3 நாட் (மணிக்குச் சுமார் 5.5 கி.மீ.) வேகத்தில்தான். அதுவே நீர் 6, பனி 4 என்றால் +6, அதாவது 'சாதாரணம்'. ஏமாறும் இடம் இதுதான். உப்பு வடிந்து இறுகி நீலம் பாய்ந்த ஒரே பாளம் போதும், தகடு கிழிய. காற்று திரும்பினால் காலை வரைபடம் மாலைக்கு உதவாது.

சரக்கு ஒப்பந்தத்துக்கு மாதங்கள் முன்பே தேதி குறிக்க அட்டவணை. பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் மேடையில்) நின்று முடிவெடுக்க போலாரிஸ், கூடவே கண்ணும் ராடாரும்.